இரண்டு இழுப்பு

நம்பினால் நம்புங்கள். கதை கட்டும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

அன்று மாலை மணி 4.10. கடலில் பனிமூட்டம். எங்கள் படகின் புரொப்பெல்லரில் அறுந்த வலை ஒன்று சுற்றிக்கொண்டு இன்ஜின் நின்றுவிட்டது. படகு மெல்லப் பாறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வலையைக் கவனிக்காமல் ஓட்டியது நான். அதை என் மனைவியின் தம்பி சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் கத்தியோடு இறங்க வேண்டும். நீரோட்டம் வேகம். இடுப்பில் கட்டிவிட எங்கள் தடித்த கயிறு நீளம் போதவில்லை. படகு வாங்கியபோதே பெட்டியில் கிடந்த பழைய மெல்லிய கயிற்றை எடுத்து அதோடு சேர்த்தேன். பார்சல் கட்டும் சாதாரண முடிச்சுதான் போட்டேன்.

"தடிச்சதும் மெல்லிசும் சேர்ந்தா இது வழுக்கும் மாமா. மாத்திக் கட்டுங்க."

"எல்லாம் தாங்கும். இறங்கு."

மாற்றிக் கட்ட ஒரு நிமிடம் போதும். வீம்பில் கட்டாமல் விட்டேன்.

அவன் கயிற்றை இரண்டு முறை சுண்டினால் நான் மேலே இழுக்க வேண்டும். அதுதான் பேச்சு. இரண்டு தடவை மூச்செடுக்க வந்து போனான். மூன்றாவது தடவை முங்கினான்.

4.16. டக்... டக்.

இழுத்தேன். கயிறு புரொப்பெல்லர் இருக்கும் பின்பக்கம் போகவில்லை. நேர் கீழே போயிருந்தது. கனத்தது. மச்சான் ஒல்லிப்பிச்சான்... இவ்வளவு கனமா?

முடிச்சு நீருக்கு மேலே வந்தது.

நான் போட்ட முடிச்சு இல்லை. ஒவ்வொரு கயிறும் மற்றதை இரண்டு சுற்றுச் சுற்றி... அவ்வளவு இறுக்கமாக இருந்தது.

பின்னால் இருமல்.

மச்சான் ஏணியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். இடுப்பில் கயிறு இல்லை.

"கீழ ஒரு கை... கயித்த அவுத்துச்சு."

என் கையைப் பார்த்தான்.

"நீங்க யார மாமா இழுக்கிறீங்க?"

டக்... டக்.

முடிச்சுக்குக் கீழே அறுத்தேன்.

வலையை அவன் வெட்டியிருந்தான். இன்ஜின் மூன்றாவது தடவையில் பிடித்தது. தப்பித்தோம்.

மறுநாள் அந்த முடிச்சோடு, படகை எங்களுக்கு விற்றவரிடம் போனேன். அவருடைய தம்பியும் அப்படித்தான் ஒருநாள் நீரில் இறங்கினானாம். இரண்டு கயிற்றை அவசரத்தில் சேர்த்தது இவர். முடிச்சு வழுக்கிவிட்டது. இவர் கையில் மிஞ்சியது அந்த மெல்லிய கயிறு மட்டும். உடல் கிடைக்கவேயில்லை.

முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் தம்பி போடும் முடிச்சு இது என்றார். நான் அறுத்துவிட்டதைச் சொன்னேன்.

என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"மேல வந்துட்டிருந்தவன ஏன்டா அறுத்துவிட்ட?"