அவரு உங்காளு

பசுமலையில் நான் சவரம் செய்துகொள்ளும் சலூனில், டிவியில் எங்கள் எம்எல்ஏ மைக்கைப் பிடுங்கிச் சபாநாயகரை நோக்கி எறிந்துகொண்டிருந்தார். அந்த ஒரு எறியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

பெஞ்சில் காத்திருந்த இருவரும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள். எம்எல்ஏ ஜெயித்தபோது "நம்மாளு" என்று லட்டு கொடுத்தவர் ஒருவர். அதே எம்எல்ஏ பாதியில் கட்சி தாவியபோது, "இனி நம்மாளு" என்று தெருவே அதிர வெடி போட்டவர் மற்றவர்.

"உங்க கட்சியில இருந்துதான எறிஞ்சாரு? உங்காளுண்ணே!" என்றார் லட்டுக்காரர்.

"எறியப் பழகுனது உங்ககிட்டதான மாப்ள? உங்காளு!" என்றார் வெடிக்காரர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகமெல்லாம் நுரையோடு திரும்பி, "எந்தக் கட்சியிலயும் இல்லாம ஓட்டுப் போட்ட எங்களுக்கு யாருய்யா பதில் சொல்றது?" என்று கத்தினேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதன்முறையாக ஒத்துப்போனார்கள்.

"கட்சிக்காரன் ஓட்ட மட்டும் வச்சா அம்புட்டு ஓட்டு வாங்குனாரு? உங்கள மாதிரி ஆளுக போட்டதுதாண்ணே. அவரு உங்காளு!"

ஆதரவு தேடிச் சலூன்காரரைப் பார்த்தேன்.

"அவுக சொல்றதும் நாயந்தாண்ணே. ஆடாம இருங்க" என்று கத்தியைத் தொண்டையில் வைத்தார்.

அந்த நிமிடம் முதல் எம்எல்ஏ என் ஆள்தான்.