எங்கள் மேல் வந்து விழுந்த ஏழ்மை

எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் நின்றுபோன அன்று மத்தியானம் நானும் கணவரும் மூச்சு முட்டச் சாப்பிட்டோம். உள்ளே இருந்ததெல்லாம் பழுதாகிவிடுமே என்ற பயம். ஞாயிற்றுக்கிழமைக் கணவாய்க் கறி, செவ்வாய்க்கிழமைப் பருப்பு, யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்துவிட்ட கேக் துண்டு, எப்போது வைத்தோம் என்றே தெரியாத ஒரு கிண்ணத்துச் சம்பல். சம்பலை மட்டும் காகத்துக்கு வைத்தோம். காகமும் கொஞ்ச நேரம் யோசித்தது.

திருத்துபவர் வந்து பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார். திருகோணமலையில் உட்துறைமுக வீதிக்குப் பின்னால் வீடு என்றால் உப்புக் காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. "அம்மா, இது துருவிலதான் நிக்குது. துருவைச் சுரண்டினா பிரிஜ் விழுந்திடும்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

"இல்லாம இருந்து பாப்பமே" என்றார் கணவர்.

அவர் பாலம் வருவதற்கு முன் கிண்ணியாவுக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கிய பாதையில் வேலை செய்தவர். பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது தட்டையான பெரிய படகை. நான் தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவள். ஒரே மகள், கனடாவில் இருக்கிறாள். இருவருக்கும் ஓய்வூதியம் வருகிறது. சொந்த வீடு. இவ்வளவையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பிறகு நான் எவ்வளவு சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை.

பிரிட்ஜ் இல்லாத வாழ்க்கை எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. காலையில் கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில் இருந்து சைக்கிளில் வரும் மீன்காரரிடம் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கினோம். நாலு சூடை மீன், அல்லது ஒரு ஓரா. மத்தியானம் குழம்பு, இரவுக்குப் புட்டும் மிச்சக் குழம்பும். அவ்வளவுதான். பழைய கறியைச் சூடாக்கிச் சூடாக்கித் தின்ற காலம் முடிந்தது. கரண்டுக் கட்டணம் குறைந்ததில் கணவருக்கு ஒரு தனி மிடுக்கு வந்துவிட்டது. அடுத்ததாக எதை நிறுத்தலாம் என்று வீட்டுக்குள் தேடிக்கொண்டு திரிந்தார். கடற்கரையில் ஒதுங்கும் மரத்துண்டுகளைப் பொறுக்கி வந்து காயவைத்தார். கேஸ் அடுப்புக்கு ஓய்வு கிடைத்தது. பின்னேரங்களில் நாங்கள் இருவரும் துறைமுகக் கரையில் இருந்து, உள்ளே வரும் கப்பல் எதை ஏற்றி வருகிறது என்று பந்தயம் பிடிப்போம். கோதுமையா, சீமெந்தா? தோற்பவர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட வேண்டும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் அந்த வெறும் தேத்தண்ணிக்கு ஈடாக நான் வேறு எதையும் சொல்லமாட்டேன்.

செத்த பிரிட்ஜை எறிய மனம் வரவில்லை. அதன் கதவு இறுக்கமாய் மூடும். எறும்பு போகாது, பூச்சி போகாது. எங்கள் அலுமாரியைக் கறையான் தின்றுகொண்டிருந்த நேரம் அது. ஆகவே என் சாறிகளை மேல்தட்டுகளில் அடுக்கினேன். மரக்கறி வைக்கும் இழுப்பறையில் அவருடைய சாரங்கள். முட்டைக் குழிகளில் மருந்துப் போத்தல்கள், பொத்தான்கள், நூற்கட்டைகள். ஐஸ் வைக்கும் பெட்டிக்குள் அவருடைய பெனியன்கள். காலையில் குளித்துவிட்டு வந்து அதைத் திறந்து பெனியன் எடுத்துப் போடும்போது குளிர்ச்சியாக இருப்பதாக அவர் சொல்வார். மனப்பிராந்திதான். நான் மறுத்துச் சொன்னதில்லை.

இப்படி ஆறு மாதம் போனது. ஒரு நாள் எங்கள் மாதா கோயில் உதவிக் குழுவின் தலைவி வீட்டுக்கு வந்தார். அன்புவழிபுரத்தில் இருக்கிறார், பாடசாலை அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். திருநாளுக்குப் பூச்சோடனை செய்வது பற்றிக் கதைக்க வந்தவருக்கு வெயிலில் நடந்ததில் தாகம்.

"கொஞ்சம் குளிர்தண்ணி குடிப்பம். நீங்கள் எழும்பாதேங்கோ, நானே எடுக்கிறன்" என்று குசினிக்குள் போனார்.

பிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அவர் கதவைப் பிடித்தபடி, என் நீலச் சாறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தினை நாளா இப்பிடி?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆறு மாசம் இருக்கும். நல்ல வசதியா இருக்குது."

அவர் என் தோளில் கை வைத்தார். "தங்கச்சி, என்னட்டயும் மறைக்கிறீங்களே. அவர் கடற்கரையில விறகு பொறுக்கிறதை நான் கண்டனான். பின்னேரத்தில ரெண்டு பேரும் கதை பேச்சில்லாமக் கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிறதையும் பஸ்ஸில போகேக்க கண்டனான். எனக்கு நெஞ்சு பதறினது."

"அது நாங்கள் கப்பல் பாக்கிறது, அக்கா."

"ஓம், ஓம்" என்றார். கண் கலங்கியிருந்தது. தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார்.

மூன்றாம் நாள் குழுவினர் மூன்று பேர் ஒரு பொதியோடு வந்தார்கள். அரிசி, பருப்பு, சீனி, சோயா மீற், இரண்டு சவர்க்காரம். கதவைத் திறந்தவர் கணவர். தைத்துப் போட்ட சாரம், கையில் ஒரு மரத்துண்டு, உடம்பெல்லாம் கரி. "எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்று அவர் சொல்லச் சொல்ல, வந்தவர்களின் முகம் இன்னும் இளகியது. "எல்லாரும் முதல்ல அப்பிடித்தான் அண்ணை சொல்லுறவை" என்று ஒருவர் பொதியை அவர் கையில் திணித்தார்.

அந்தப் பொதியை அப்படியே மீன்காரரிடம் கொடுத்தோம். அவர் அதைப் பிரித்துப் பார்த்தார்.

"என்னக்கா, மீன் விக்கிறவனுக்குச் சோயா மீற் தாறீங்க?"

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாளில் இருந்து நாலு சூடை கேட்டால் ஏழு போட்டார். கூடப் போட்டதைத் திருப்பிக் கொடுத்தால் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார்.

கணவருக்குக் கோபம் வந்தது. "நாங்கள் நல்லா இருக்கிறம் எண்டு சனத்துக்குக் காட்டவேணும்" என்றார். அடுத்த ஞாயிறு பூசைக்கு ஆட்டோ பிடித்தோம். பத்து நிமிட நடைத் தூரம் அது. அவர் நீளக்கைச் சட்டை போட்டு, சப்பாத்தும் போட்டார். நான் கல்யாணச் சாறியை உடுத்தேன். பூசை முடிந்து வெளியே வரும்போது பின்னால் யாரோ சொல்வது எனக்குத் தெளிவாய்க் கேட்டது: "பாவம், மிஞ்சியிருக்கிறது அந்த ஒரு சாறிதான் போல."

கடைசி முயற்சியாகத் தலைவியை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தோம். நண்டுக் குழம்பு, இறால் பொரியல், பாரை மீன் சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, பாயாசம். கணவர் சொந்த வீட்டுக்குள் சப்பாத்தோடு திரிந்தார். சாப்பாட்டுக்கு முன், எங்கள் ஓய்வூதியச் சீட்டுகளையும் வீட்டு உறுதிப் பத்திரத்தையும் மேசையில் பரப்பி வைத்தார். தலைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டு எல்லாவற்றையும் ஒரு பரீட்சைத் தாள் போல வாசித்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"அப்ப, நீங்கள் ஏன் சாறியைப் பிரிஜ்ஜுக்குள்ள வைச்சனீங்கள்?"

"பூச்சி வரக்கூடாதெண்டு, அக்கா."

அவர் சிரிக்கத் தொடங்கினார். அப்படி ஒரு சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை, கதிரையே ஆடியது. சிரித்து முடித்து, கைப்பையில் இருந்து கொப்பியை எடுத்து, உதவி பெறுவோர் பட்டியலில் எங்கள் பெயரை எங்கள் கண் முன்னால் வெட்டினார். கொப்பியை வாசல் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு நண்டைக் கையில் எடுத்தார். நான் நிம்மதியாகப் பாயாசத்துக்கு முந்திரியை வறுக்கப் போனேன்.

எங்கள் ஊரில் மான்கள் தெருவில் திரியும். சந்தையில் நிற்கும், பஸ் நிலையத்தில் படுத்திருக்கும். வாழைப்பழத்தோல் முதல் பொலித்தீன் பை வரை எதையும் தின்னும். கதவு திறந்திருந்தால் கேட்டுக்கொண்டு வராது. நான் குசினியில் இருந்து வரும்போது புள்ளிமான் ஒன்று முன்கால் இரண்டையும் வீட்டுக்குள் வைத்து, தலைவியின் கொப்பியைப் பக்குவமாக மென்றுகொண்டு நின்றது. கணவர் துரத்தினார். சப்பாத்து வழுக்கி விழுந்தார். மான் பட்டியலோடு ஒழுங்கையைத் தாண்டிப் போனது.

"பரவாயில்லை, எல்லாம் எனக்கு மனப்பாடம்" என்று தலைவி சொன்னார். ஆனால் அந்தக் கிழமையே மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மட்டக்களப்புக்குப் போய்விட்டார். கொப்பி போனதை அறிந்த மற்ற உறுப்பினர்கள், முன்பு தங்கள் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்திருந்த பழைய பட்டியலின் படத்தைத் தேடி எடுத்தார்கள். அதில் எங்கள் பெயர் வெட்டுப்படாமல் இருந்தது. பக்கத்தில் யாரோ குறிப்பு வேறு எழுதியிருந்தார்கள்: "மிகவும் கஷ்டம். மறைக்கிறார்கள்."

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு சின்ன லொறி வாசலில் நின்றது. அதில் புத்தம்புது பிரிட்ஜ், சிவப்பு ரிப்பன் கட்டியபடி. சுவிஸ் நாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தன் தாயின் நினைவாகக் கொடுத்தது. அவரே தொலைபேசித் திரையில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் "தம்பி, இதில ஒரு பிழை நடந்திருக்கு" என்று தொடங்கினார். திரையில் இருந்தவர் அதற்குள் அழத் தொடங்கிவிட்டார். "ஐயா, என்ர அம்மாவும் உங்களை மாதிரித்தான், ஒருத்தரிட்டயும் கை நீட்டமாட்டா" என்றார். ஒருவர் அழுதால் தானும் அழுவது என் கணவரின் சுபாவம். அழுதுகொண்டே ரிப்பனை வெட்டினார். அதையும் படம் எடுத்தார்கள்.

மறுநாள் காலையில் மகள் கனடாவில் இருந்து தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, முகநூலில 'வறுமையில் வாடும் முதிய தம்பதியர்' எண்டு போட்டிருக்கு. அப்பா அழுறார். என்னம்மா நடக்குது அங்க? எல்லாரும் என்னைக் கேக்கினம், தாய் தகப்பனைப் பாக்கிறேல்லையோ எண்டு!"

விளக்கிச் சொல்ல ஒரு மணித்தியாலம் எடுத்தது. மான் வந்த இடத்தில் அவள் என்னை நிறுத்தி, "அம்மா, மருந்தெல்லாம் ஒழுங்காப் போடுறீங்களோ?" என்று கேட்டாள்.

குசினியில் இரண்டு பிரிட்ஜ்கள் நின்றன. நடக்க இடமில்லை. பிழையாக வந்த பொருளை வைத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மீன்காரரின் மனைவி பள்ளிக்கூட வாசலில் ஐஸ் பைக்கற் விற்க ஆசைப்படுவதாக அவர் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. அவரிடம் கேட்டேன்.

"எங்கட ஊட்டுக்கா? என்னக்கா, உங்களுக்கே இல்லாம..." என்றவர், நான் முறைத்த முறையில் பேச்சை நிறுத்தினார்.

முதலில் சுவிஸ்காரரிடம் உண்மையைச் சொல்லித்தானே ஆகவேண்டும். நானே தொலைபேசி எடுத்து, ஓய்வூதியம், கறையான், மான் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்:

"அம்மா, கோவமெல்லாம் இல்லை. உங்களுக்கு வந்ததை இன்னொருத்தருக்குக் குடுக்கிறீங்களே. இந்தக் காலத்தில ஆர் செய்வினம்?"

பிரிட்ஜ் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிப் போனது. அதை ஏற்றும்போது எடுத்த படத்தைச் சுவிஸ்காரர் முகநூலில் போட்டார். இந்த முறை தலைப்பு: "திருகோணமலையின் கொடைவள்ளல்கள்."

அந்த வாரம் எங்கள் வீட்டுக் கேற்றை மூட நேரமில்லை. கிரிக்கெட் கழகம் ஒன்று துடுப்பு மட்டை கேட்டு வந்தது. முன்பள்ளிக்கு ஊஞ்சல் வேண்டுமாம். ஒருவர் தன் வீட்டுக் கூரையின் படத்தைக் கொண்டுவந்தார். கணவர் கிழிந்த சாரத்தோடு வெளியே வந்து நின்று பார்த்தார், "எவ்வளவு எளிமையான மனிசன்!" என்றார்கள். கடைசியில் மட்டக்களப்பில் இருந்து திரும்பிய தலைவிதான் எங்கள் கேற்றடியில் நின்று, அதிபர்க் குரலில் எல்லோரையும் அனுப்பிவைத்தார். எங்கள் நிலை என்ன என்பதைக் குழுக் கூட்டத்திலும் விளக்கினாராம். வறியவர்களும் இல்லை, பணக்காரரும் இல்லை, "ஒருமாதிரியான ஆக்கள்" என்று முடிவாகியிருக்கிறது. எங்களுக்கு அது போதும்.

அமளி அடங்கிய பிறகு, வெருகலில் முருகன் கோயில் திருவிழா நேரம், நாங்கள் இருவரும் பஸ் ஏறிப் போனோம். கும்பிடப் போனோம் என்று சொல்லமாட்டேன், நாங்கள் வேதக்காரர். ஆறு பார்க்கப் போனோம். தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு கரையில் இருந்தோம். பசித்தபோது அன்னதான வரிசை கண்ணில் பட்டது. எங்களுக்கு முன்னால் ஒரு வயல்காரர், பின்னால் தங்கச் சங்கிலி போட்ட ஒரு குடும்பம். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பந்தியில் வாழையிலை போட்டார்கள். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி.

"ஐயா, இன்னும் போடவோ?" என்றார் பரிமாறியவர்.

"போடுங்கோ" என்றார் கணவர்.

மூன்று முறை போட்டார்கள். மூன்று முறையும் இலையை வழித்துச் சாப்பிட்டார். எழும்ப ஏலாமல், ஒரு கையை என் தோளிலும் மற்றக் கையைப் பக்கத்தில் இருந்த வயல்காரரின் தோளிலும் ஊன்றித்தான் எழும்பினார்.