முதல் வீட்டுக் குழாய்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பின்கட்டுவரை வந்துவிட்டால் ஒரு கேள்வி கேட்காமல் போவதில்லை. "எதுக்கு சார் இவ்வளவும்?"

வாசலுக்கு உட்புறம் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி. இதை ஊரில் சம்ப்பு என்போம். மாடியில் சோலார் பலகை, கூடத்தில் இன்வெர்ட்டர், அடுக்களைக்குப் பின்னால் உபரியாக ஒரு கேஸ் சிலிண்டர், இறுக மூடிய டிரம்களில் அரிசியும் கம்பும், ஒரு மருந்துப் பெட்டி. எதை எப்போது வாங்கினேன், எப்போது மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதி ஒட்டியிருப்பேன். தேதி போடாத பொருளைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

நான் திருச்சுழித் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய் வந்தே சர்வீஸ் கழிந்தது. மழைமானி அளவை மேலே அனுப்புவதும், வானம் பொய்த்த வருஷங்களில் வறட்சி அறிக்கை தயாரிப்பதும் என் மேஜை வேலைகள். ஓய்வுக்குப் பிறகு பஞ்சங்களைப் பற்றியும் புயல்களைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆகவே கேட்கிறவர்களுக்குப் பதில் தயாராக இருந்தது. "வறட்சிய எழுதி எழுதியே வந்த பயம்" என்பேன். நம்பிவிடுவார்கள். என் மனைவி மட்டும் அந்த நேரம் பார்த்து அடுப்பைக் கவனிக்க உள்ளே போய்விடுவாள். அவளுக்குத் தெரியும், அது பயத்தால் வந்ததில்லை என்று.

எங்கள் தெரு மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடிகிறது. பெரும்பாலும் தறி வீடுகள். வீட்டுக்குள் சிலர் கன்னடம் பேசுவார்கள், சிலர் தெலுங்கு. மேட்டில் முதலில் இருக்கும் எங்கள் வீடு ஒன்றில்தான் உள்ளேயும் வெளியேயும் தமிழ். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்க, கஞ்சி காய்ச்ச, பால் காய்ச்ச, தெற்கே ஆற்றிலிருந்து குழாயில் வரும் நல்ல தண்ணீர்தான். அது என்றைக்கு வரும், எந்த நேரத்தில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வாரம் தாண்டும். சில சமயம் இரண்டும் தாண்டும். வந்தால் கொஞ்ச நேரம் வரும், நின்றுவிடும்.

விசைத்தறி ஓடுகிற வீட்டில் பக்கத்து அறையில் ஆள் பேசினால் கேட்காது, கத்தினால்தான் உண்டு. குழாயில் தண்ணீர் வரும் சத்தம் எப்படிக் கேட்கும்? எல்லோரும் குழாயைத் திறந்தே போட்டால் பள்ளத்து வீடுகளில் தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போகும், சண்டை வரும். அதனால் தெருவுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. முதல் வீட்டுக் குழாய் மட்டும் எப்போதும் திறந்திருக்கும். அதன் கீழே ஒரு எண்ணெய் டின்னின் தகர மூடியைக் கவிழ்த்து வைத்திருப்போம். முதலில் காற்று சீறும். பிறகு தகரம் படபடவென்று அடிக்கும். என் மனைவி வாசலில் வந்து நின்று "தண்ணீ!" என்று குரல் கொடுப்பாள். அடுத்த வீட்டுக்காரம்மா கேட்டதும் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்து "நீரு!" என்பார். அதற்கடுத்த வீட்டில் "நீள்ளு!" இப்படி மாறி மாறிப் பள்ளம்வரை அந்தச் சொல் போய்ச் சேரும். யார் ஏற்படுத்தியது என்று விசாரித்திருக்கிறேன். யாருக்கும் நினைவில்லை.

ஒரு மார்கழியில் தெற்கே ஆற்றில் பெருவெள்ளம் வந்து, எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாயை அடித்துக்கொண்டு போயிற்று. அங்கே ஊர்கள் மூழ்கிக் கிடந்தன. இங்கே குடங்கள் காய்ந்தன. அப்போது என் மனைவி கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தாள். விலைக்கு வரும் தண்ணி வண்டியும் தெருவுக்குள் வரவில்லை. நான் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அந்த அம்மாவுக்கு என்னைவிட இருபது வயது குறைவிருக்கும். கணவரும் அவருமாக இரண்டு தறி ஓட்டுகிறார்கள். பக்கவாதம் வந்து படுக்கையிலிருக்கும் மாமனாரையும் பார்த்துக்கொள்கிறார்.

"இதுக்கு எதுக்குண்ணே இப்படி நிக்கிறீக, பிச்சைக்கு வந்தவுக மாதிரி? மதினி படுத்திருக்காக. கொண்டாங்க கொடத்த."

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். தண்ணீர் மறுபடி வரும்வரை போனேன். ஒரு நாளும் இல்லை என்று சொல்லவில்லை.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த நாட்களில் காலையில் பெரியவர் அலறுவது கேட்கும். வழக்கமான வலி என்று நினைத்துக்கொண்டோம். தை பிறந்து, என் மனைவி எழுந்து நடமாடத் தொடங்கியபோது பேச்சுவாக்கில் தெரியவந்தது. அவருக்குப் படுக்கைப் புண். நல்ல தண்ணீரில் துடைத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கென்று மூடிவைத்திருந்த தண்ணீரைத்தான் எங்களுக்கு ஊற்றியிருக்கிறார் அந்த அம்மா. பெரியவரை உப்புத் தண்ணீரால் துடைத்திருக்கிறார்.

"நீங்க குடிக்கணுமில்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம் என் மனைவியிடம்.

நன்றி சொல்லப் போக வேண்டும் என்றாள் மனைவி. நான் போகவில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்த வாசலை இனி மிதிக்கவே கூடாது என்றுதான் இருந்திருக்கிறேன். மாசியில் சம்ப்பு தோண்ட ஆள் வந்துவிட்டான். பிறகு இன்வெர்ட்டர், சிலிண்டர், டிரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும், இனிமேல் யாரிடமும் போய் நிற்க வேண்டாம் என்பதற்காக. தெருவில் கேலி செய்தார்கள். "உலகம் அழிஞ்சாலும் அண்ணன் வீட்ல மட்டும் காப்பி குடிக்கலாம்" என்பார் அடுத்த வீட்டுக்காரம்மா. நானும் சிரிப்பேன்.

பங்குனிக் கடைசியில் வேலை முடிந்து, சம்ப்பில் ஃப்ளோட் வால்வு வைத்தேன். தண்ணீர் வந்தால் தானாக நிரம்பும், நிரம்பினால் தானாக மூடிக்கொள்ளும். கொத்தனார் வாசல் குழாயைக் காட்டி, "ஒரு வீட்டுக்கு ரெண்டு வாய் எதுக்கு சார்? பிரஷர் குறையும்" என்றார். சரியாகத்தான் பட்டது. அடைப்பான் போட்டு அடைத்துவிட்டார். தகர மூடியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். அந்தக் குழாய்க்கு இன்னொரு வேலை இருந்தது என்பது அன்றைக்கு என் புத்தியில் வரவே இல்லை. இத்தனைக்கும் சம்ப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டவன் நான்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை. என் மனைவி மகள் வீட்டுக்கு மதுரை போயிருந்தாள். நான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்கடியில் படித்துக்கொண்டிருந்தேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். பொழுது சாயும்போது அடுத்த வீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, மேலத்தெருவுக்குத் தண்ணி வந்துச்சாமே. நமக்கு வரலையா?"

சம்ப்பின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். விளிம்புவரை நிறைந்து ஆடாமல் கிடந்தது. என் முகம் அதில் தெரிந்தது.

அவரும் எட்டிப் பார்த்தார். பிறகு, "உங்க வீட்டுத் தண்ணி ஊமையாப் போச்சேண்ணே" என்றார்.

"வேணுங்கிற மட்டும் எடுத்துக்கோங்கம்மா. தெருவுல எல்லாருக்கும் சொல்லுங்க."

"சரிண்ணே."

யாரும் வரவில்லை. ஏன் வருவார்கள்? காலிக் குடத்தோடு ஒரு வாசலில் நிற்பது எப்படியிருக்கும் என்று தெரிந்த நான்தான் அவர்களை நிற்கச் சொன்னேன்.

மறுநாள் காலை சுவருக்கு அந்தப்பக்கம் பெரியவர் அலறினார்.

இந்தமுறை அதற்கு அர்த்தம் தெரியும். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அவர் இரண்டாவது தடவை கத்தினபோது இரண்டு குடங்களை நிரப்பி எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போனேன். மார்கழிக்குப் பிறகு அங்கே போனது அன்றைக்குத்தான்.

அந்த அம்மா ஈரத்துணியோடு வெளியே வந்தார். குடங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே, வாங்குனதத் திருப்பிக் குடுக்க வந்தீகளா?"

வேடிக்கையாகத்தான் சொன்னார்.

"அய்யாவுக்கு" என்று மட்டும் சொன்னேன்.

அவர் குடத்தை வாங்கி உள்ளே வைத்தார். "தண்ணி குடுக்காட்டிப் போகுதுண்ணே. ஒரு சத்தம் குடுத்திருந்தா போதும். நாங்க பிடிச்சிருப்போம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். திரும்பும்போது கேட்டார். "சம்ப்பு எத்தனை அடிண்ணே? எந்தக் கொத்தனாரு?"

நீளம், அகலம், ஆழம் எல்லாம் சொன்னேன். கொத்தனார் நம்பரும் கொடுத்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதானே.

அன்றே பிளம்பரை வரவழைத்துப் பழைய குழாயைத் திறந்தேன். கடையில் புது எண்ணெய் டின்னை வாங்கி, எண்ணெயைத் தூக்குவாளியில் ஊற்றிவிட்டு மூடியைக் குழாய்க்கடியில் கவிழ்த்தேன். ஊருக்குப் போன மனைவி வந்து பார்த்தாள். குனிந்து மூடியைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தாள்.

அடுத்தமுறை தண்ணீர் வந்தபோது தகரம் அடித்தது. ஓடிப்போய் வாசலில் நின்று "தண்ணீ!" என்று கத்தினேன். அடுத்த வீட்டிலிருந்து "நீரு" வரவில்லை. அந்த வீட்டு வாசலில் புது சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. ஃப்ளோட் வால்வு போட்டாயிற்று. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா இனி எதற்குத் தறியை நிறுத்த வேண்டும்? பெரியவருக்கு நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கிறது, அலறல் சுவர் தாண்டி வருவதில்லை. அது எனக்கு நிம்மதிதான். ஆனால் என் குரல் அந்த வீட்டோடு நின்றுவிட்டது. மூன்றாம் வீட்டுக்கு எட்டவில்லை.

இறங்கி நடந்தேன். மூன்றாம் வீட்டுக் கதவைத் தட்டினேன், பிறகு நான்காம் வீடு. அவரவர் குடத்தை எடுக்கத்தான் ஓடினார்கள், அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுக்கும் பழக்கம் அதற்குள் விட்டுப்போயிருந்தது. மூச்சு வாங்கியது. பள்ளத்துக்கு நான் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் பாதி முடிந்திருந்தது. அன்றிலிருந்து தண்ணீர் வரும்போதெல்லாம் இப்படித்தான். செருப்புக்கூட வாசலிலேயே தயாராகக் கிடக்கிறது.

போன தடவை மூன்றாம் வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து, தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார். "பெரிய மனுசரு நீங்க, எதுக்கு இப்படி அலையுறீக? நாங்களும் சம்ப்பு தோண்டப் போறோம்ணே. பெறகு உங்களுக்குச் செரமம் இருக்காது."

"தோண்டுங்கம்மா" என்றேன். "பழைய குழாய மட்டும் அடைச்சிராதீக."

"என்ன?"

இன்னொரு தடவை சொன்னேன். சரி சரி என்று கையை ஆட்டிவிட்டுக் குடத்தை எடுக்க ஓடினார். தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.