சகலை வீட்டு ஹோமியோபதி பாட்டில்

டெக்சஸ் ரிச்சர்ட்சனில் என் சகலை வீட்டுப் பூஜை அலமாரியில், முருகன் படத்துக்கும் விபூதிக் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஹோமியோபதி பாட்டில் இருக்கிறது. சர்க்கரை உருண்டை மாத்திரை போட்டுத் தருவார்களே, அந்த பாட்டில்தான். இப்போது அதில் மாத்திரை இல்லை. முக்கால்வாசி தண்ணீர், அடியில் ஒரு தங்கக் கட்டி. கட்டி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், ஒரு துவரம்பருப்பு அளவு இருக்கும். அந்த வீட்டுக்கு யார் போனாலும் காப்பி வருவதற்கு முன்னால் அந்த பாட்டில் வந்துவிடும். சகலை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து லேசாக ஆட்டுவார். கட்டி உள்ளே உருளும். வந்தவர்கள் ஆகா ஓகோ என்பார்கள். எனக்கு வயிறு எரியும். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட எரியாமல் இருந்ததில்லை.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். இரண்டு மாப்பிள்ளைகள் இருக்கிற எந்த மாமியார் வீட்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தராசு தொங்கும். பாளையங்கோட்டையில் எங்கள் மாமியார் வீட்டுத் தராசில் மூத்த மாப்பிள்ளையின் தட்டு எப்போதும் ஒரு சாண் தாழ்ந்தே இருந்தது. அவருக்குத்தான் முதலில் கிரீன் கார்டு வந்தது. அவர்தான் முதலில் வீடு வாங்கினார். கல்யாண வீடுகளில் பாடுவார். ரசம் வைப்பார், அதுவும் நன்றாகவே வைத்துத் தொலைப்பார். “அத்தானைப் பாருங்க” என்று என் மனைவி ஆரம்பித்தால் அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்கு மனப்பாடம். அதையெல்லாம் ஜீரணித்துவிட்டேன். அந்தத் தங்கத்தை மட்டும் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. ஏனென்றால் அதைக் கண்டுபிடித்த கருவி என்னுடையது. அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவனும் நான். அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்த பெண்ணும் என் மகள்.

அவளுக்காகத்தான் அந்தக் கருவியையே வாங்கினேன். எங்களுக்கு ஒரே பெண். இங்கே கலிபோர்னியா லிவர்மோரில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதில் என் தோளை விட்டு இறங்க மாட்டாள். மிடில் ஸ்கூல் போன வருஷம் என்ன ஆயிற்றோ, அவள் அறைக் கதவு சாத்திக்கொண்டது. ஸ்கூல் எப்படிம்மா என்றால் “ஃபைன்.” சாப்பாடு எப்படி என்றால் “ஃபைன்.” அந்த ஒரு சொல்லைத் தாண்டி உள்ளே போக எனக்கு வழி தெரியவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, ஆபீஸில் ஒருவன் வார இறுதிகளில் மலையடிவாரத்துக்குப் போய் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தங்கம் தேடுகிறானாம் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் கவிழ்ந்திருந்த தலை நிமிர்ந்தது. “ரியல் கோல்டா?” என்றாள். அவ்வளவுதான். மறுவாரமே கருவி வீட்டுக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை காலைகளில் நானும் அவளும் கிளம்புவோம். காற்றாலைகள் சுற்றும் மேட்டைத் தாண்டி, பள்ளத்தாக்கின் பாதாம் தோட்டங்களைக் கடந்து, எதிரே மலை ஏறத் தொடங்கும் இடத்தில் மண் சிவந்துவிடும். எங்கள் பக்கத்துத் தேரி மண் போலச் செக்கச்செவேல் என்று இருக்கும். நான் பணம் கட்டிச் சேர்ந்திருந்த ஒரு குழுவுக்கு அங்கே தேட அனுமதியுள்ள நிலம் இருந்தது. தங்கம் கிடக்கிற மண்ணில்தான் இரும்பும் மண்டிக் கிடக்கும். அதுதான் அங்கே தலைவலி. கருவி மண்ணையே உலோகம் என்று நினைத்துக் கத்தும். கருவியின் நுனியில் இருக்கிற தட்டை மேலும் கீழும் ஆட்டி, இதுதான் இந்த ஊர் மண், இதற்கெல்லாம் கத்தாதே என்று அதைப் பழக்க வேண்டும். பழகியபின் காதில் மெல்லிய ரீங்காரம் மட்டும் இருக்கும். அதற்கும் மேலே ஹாட் ராக் என்று ஒன்று உண்டு. இரும்பு ஏறிய கருத்த, கனமான கல். தங்கம் போலவே சத்தம் கொடுத்து ஏமாற்றும். சத்தத்திலிருந்து இரைச்சலைப் பிரிப்பதுதான் நான் சம்பளம் வாங்கிச் செய்கிற வேலை. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஹெட்போனில் ஒரு காது எனக்கு, ஒரு காது அவளுக்கு. இருவரும் தோளோடு தோள் ஒட்டித்தான் நடக்க முடியும். ஒருவர் வேகமாக நடந்தால் மற்றவர் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கிடைத்ததெல்லாம் துருப்பிடித்த ஆணியும் துப்பாக்கிக் குண்டு ஈயமும்தான். ஆனால் அவள் பேசினாள். ஸ்கூல், சிநேகிதிகள், பிடிக்காத டீச்சர் என்று எல்லாம் வந்தது. நான் ஏதோ பெரிய ஆள் மாதிரி, “கல்லை எடுத்தாச்சுன்னு போயிடக் கூடாது, குழியை இன்னொரு தடவை கேக்கணும்” என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பேன். ஓகே அப்பா, ஓகே அப்பா என்பாள். எனக்கு அந்தக் கோடை முழுக்க வேறு எதுவும் தேவைப்படவில்லை.

மறு வசந்தத்தில் சகலைக்கு வேலை போனது. ரிச்சர்ட்சனில் குடும்பத்தை விட்டுவிட்டு, இந்தப் பக்கம் வேலை தேடுவதற்காக எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். பாவம் என்றுதான் நானும் வரவேற்றேன். அந்த முறை தராசில் என் தட்டு கொஞ்சம் தாழ்ந்ததில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மனுஷர் வந்த வாரத்திலேயே என் மகளைக் கவிழ்த்துவிட்டார். அவருக்கு இரண்டும் பையன்கள், பெண் இல்லாத ஏக்கம். சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து டிராஃபிக்கில் வெந்து வீடு வந்து சேர்ந்தால், சமையலறையில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிடும். என்ன ஜோக் என்று கேட்டால், “நத்திங் அப்பா, உங்களுக்குப் புரியாது” என்பாள். எனக்குப் புரியாத அது என்ன, இந்தப் பெரியப்பாவுக்கு மட்டும் புரிகிற அது?

அந்தச் சனிக்கிழமை அவரையும் அழைத்துப் போனது மனைவியின் ஏற்பாடு. “அத்தான் வீட்டுலயே அடைஞ்சு கெடக்காங்க, பாவம்ங்க” என்றாள். அவளும் புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாள். ஓக் மரத்தடியில் துணி விரித்துச் சாப்பிட்டோம். பிறகு நானும் மகளும் ஹெட்போனைப் பங்கிட்டுக்கொண்டு இறங்கினோம். சகலை சின்ன மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி பின்னால் வந்தார். பழைய ஓடைக் கரையில் ஒரு சத்தம் கேட்டது. அகலமான, குழைந்த சத்தம். இரண்டு முறை தட்டை வீசிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

“ஹாட் ராக். வா போகலாம்” என்றேன்.

“அப்பா, அதுக்குள்ள இன்னொரு சவுண்ட் இருக்கு” என்றாள்.

“அதெல்லாம் மண்ணோட இரைச்சல்மா.”

“ஐ ஹியர்ட் இட்.”

நான் நடந்தேன். ஹெட்போன் அவள் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அவள் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அங்கேயே நின்று, “பெரியப்பா, கேன் யூ டிக் ஹியர்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, அது வெறுங்கல்லு, விடுங்க” என்றேன்.

“பிள்ள கேக்கால்லா தம்பி, தோண்டிப் பாத்தா என்ன கொறைஞ்சா போயிரும்?” என்று சிரித்துக்கொண்டே மண்வெட்டியைப் போட்டார். நாலு போடு போட்டதும் கைப்பிடி அளவில் ஒரு கருங்கல் வந்தது. இரும்பா என்று பார்க்க வைத்திருந்த காந்தத்தை நீட்டினேன், டப்பென்று ஒட்டியது. நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இன்றைக்கும் அதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். அது ஹாட் ராக்தான். நான் கருவியைத் தோளில் மாட்டப் போனேன். “குழியை இன்னொரு தடவை கேக்கணும் அப்பா” என்றாள் அவள். சகலை என் கையிலிருந்து கருவியை வாங்கி, அதைப் பிடிக்கக்கூடத் தெரியாமல் துடைப்பம் மாதிரி பிடித்துக்கொண்டு குழிக்குள் காட்டினார். ஹெட்போனை அவள் வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அந்தத் துவரம்பருப்பு அவர் உள்ளங்கையில் வந்து விழுந்ததும் அவள் போட்ட கூச்சலில் மரத்தடியில் இருந்த என் மனைவி பாம்பு என்று நினைத்து ஓடி வந்தாள். என் மகள் சகலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். மண் அப்பிய கையோடு, கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு. தங்கம் யாருக்கு வேண்டும்? அந்தக் கட்டிப்பிடிப்பு எனக்கு வந்திருக்க வேண்டியது. நான் பக்கத்தில் காந்தத்தை வைத்துக்கொண்டு நின்றேன், அதில் அந்தக் கல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கண்டெடுத்த தங்கம் வீட்டுக்கு ஆகாது என்பார்கள் எங்கள் பக்கம். மனைவி அன்று மாலையே பாளையங்கோட்டைக்கு போன் போட்டுவிட்டாள். கோயில் உண்டியலில் போட்டுவிடச் சொல்லு என்று மாமியார் சொல்வார் என நான் ஆவலோடு காத்திருந்தேன். மூத்த மாப்பிள்ளை எடுத்தது என்று தெரிந்ததும் சாஸ்திரமே மாறிவிட்டது. “மாப்பிள்ளைக்கு கைராசிட்டி. சாமி காலடியில வச்சு எடுத்துட்டா தோஷமில்ல” என்றார். லிவர்மோர் கோயிலில் அர்ச்சனை நடந்தது. அடுத்த வாரம், அதுவும் ரிச்சர்ட்சனிலேயே, அவருக்கு வேலை கிடைத்தது. பிறகு கேட்க வேண்டுமா? தங்கம் ராசி, கை ராசி, அத்தான் ராசி. என் மனைவியின் ஹோமியோபதி மாத்திரையைக் கொட்டிவிட்டு அந்த பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, கட்டியைப் போட்டுக் கொண்டுபோனார். பாட்டில்கூட எங்கள் வீட்டுடையது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

நான் விடவில்லை. அந்தக் கோடை முழுக்க அதே ஓடைக் கரையைத் தனியாகச் சல்லடை போட்டேன். மகள் வரவில்லை, பெரியப்பா இல்லாமல் போரடிக்கிறதாம். ஒருநாள் ஓக் மரத்தடியில் கருவி கணீர் என்றது. தோண்டினேன். மஞ்சள் பளபளப்பு. உமிழ்நீர் தொட்டுத் துடைத்துக் கண்ணருகே கொண்டுபோனால், அதில் மரை இருந்தது. புளியோதரை சாப்பிட்ட அன்று என் மனைவி தொலைத்த தோட்டுத் திருகாணி. “அய்யோ, இதையா அன்னிலேர்ந்து தேடுதேன்!” என்று வாங்கி மாட்டிக்கொண்டாள். கலிபோர்னியா மண்ணில் நான் எடுத்த தங்கம் மொத்தமும் அதுதான். கருவியைக் கராஜில் தூக்கிப் போட்டேன்.

வருஷங்கள் போயின. மகள் காலேஜுக்கு விண்ணப்பம் போட்டபோது பக்கத்திலேயே எத்தனை இடம் இருந்தது! அவள் போய்ச் சேர்ந்தது ரிச்சர்ட்சனில். கோர்ஸ் நல்ல கோர்ஸ் என்றாள். இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு சகலை வீட்டில். காய்ச்சல் என்றால் அவர் கொண்டுபோய்க் கொடுக்கிற ரசம். அவளுக்கு வந்த கஷ்டம், சந்தோஷம் எல்லாம் எனக்கு அங்கே சுற்றி மனைவி வழியாக வந்து சேரும். போனில் நான் கேட்டால், அதே பழைய “ஃபைன் அப்பா.” போன வருஷம் நாங்கள் அங்கே போனபோது அவள்தான் எழுந்துபோய் அந்த பாட்டிலை எடுத்து வந்து விருந்தாளிகளுக்கு ஆட்டிக் காட்டினாள், அவர் ஆட்டுகிற மாதிரியே. சொந்த மகளின் கையிலும் அந்த பாட்டிலைப் பார்த்தபோது எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

இந்தக் கோடையில் லீவுக்கு வந்தவள், ஒருநாள் கராஜில் எதையோ குடைந்துகொண்டிருந்துவிட்டு, கருவியோடு வந்து நின்றாள். “சார்ஜ் ஏறுது. போலாமா?” என்றாள்.

“பெரியப்பா இல்லாம போரடிக்குமே” என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை.

“அப்பா. ப்ளீஸ்.”

இந்த முறை அவள் காரை ஓட்டினாள். அதே சிவந்த மண், அதே ஓடைக் கரை. ஹெட்போனில் ஒரு காது எனக்கு, ஒரு காது அவளுக்கு. இப்போது அவள் என்னைவிட அரை சாண் உயரம், நான்தான் எட்டி எட்டி நடக்க வேண்டியிருந்தது. மதியத்துக்கு மேல் ஒரு சத்தம் கேட்டது. அகலமான, குழைந்த சத்தம். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். “உள்ள இன்னொரு சவுண்ட் இருக்குன்னு நினைக்கிறேன்” என்றாள், தமிழில். எனக்கு எதுவும் கேட்கவில்லை. நன்றாகவே தெரியும், அது கல். மண்வெட்டியை எடுத்து, முட்டி வலிக்க உட்கார்ந்து தோண்டினேன். கருங்கல் வந்தது. காந்தத்தில் டப்பென்று ஒட்டியது. குழியை இன்னொரு தடவை கேட்டோம். வெறும் ரீங்காரம்தான். இன்னும் கொஞ்சம் தோண்டச் சொன்னாள், தோண்டினேன். மறுபடி கேட்டோம். ஒன்றுமில்லை.

“சாரி அப்பா, இட் வாஸ் எ ராக்” என்று சிரித்தாள். அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்துகொண்டாள். நானும் எழுந்திருக்கவில்லை, முட்டியும் விடவில்லை. அங்கே உட்கார்ந்துதான் அவள் பேச ஆரம்பித்தாள். என்ன பேசினாள் என்பதை எழுத மாட்டேன், அது என்னிடம் சொன்னது. பெரியப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை என்றாள். வெயில் சாயும்வரை பேசினோம். கிளம்பும்போது அந்தக் கல்லைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து, சகலைக்கு அனுப்பினாள்.

கார் மலை இறங்குவதற்குள் அவர் குரல் பதிவாகப் போனுக்கு வந்தது. “ஏ தம்பி, என்னைய விட்டுட்டு ரெண்டு பேரும் போயிட்டியளா? ஒரு வார்த்தை சொல்லிருந்தா டிக்கெட்டப் போட்டு ஓடி வந்திருப்பேம்லா? போங்க, பேசாதிய ரெண்டு பேரும்.” சிரித்துக்கொண்டே சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நான் அதிலேயே குடியிருந்தவன். இன்னொரு தடவை போடும்மா என்றேன். போட்டாள்.

இப்போது எங்கள் பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் அந்தக் கருங்கல் இருக்கிறது. சாமி இடத்தில் என்ன இது கல்லைக் கொண்டுவந்து என்று மனைவி தினமும் திட்டுகிறாள். எடுக்க விடவில்லை. அடுத்த மாதம் சகலை வருகிறார். காப்பிக்கு முன்னால் அதைத்தான் அவர் கையில் கொடுக்கப் போகிறேன். நினைக்கும்போதே வயிறு குளிர்கிறது.