ராஜப்பன் பிரித்த சாத்துக்குடி

பாப்பாரப்பட்டியில் ராஜப்பனை நான்கு வருஷம் வைத்தியர் என்று கூப்பிட்டார்கள். அவனுக்கு வைத்தியம் தெரியாது. தருமபுரியில் ஒரு டாக்டர் வீட்டில் எட்டு மாதம் வாசல் கூட்டினான். வந்தவர்களை டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் தானே நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்ததால் விரட்டப்பட்டான். படிப்பு அவ்வளவுதான். வீட்டில் நிலம் இருந்தது. இரண்டு அண்ணன்கள் உழுதார்கள். கலப்பையைத் தொட்டால் முதுகு பிடித்துக்கொள்கிறது என்று இவன் சொல்லிவிட்டான். சாப்பாட்டுக்கு உட்காரும்போது மட்டும் அந்த முதுகு நன்றாகவே வளைந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் அவனுக்கு ஒரு வழி கிடைத்தது. எங்கள் பக்கத்தில் எலுமிச்சையும் நாரத்தையும் எல்லோருக்கும் தெரியும். சாத்துக்குடி தெரியாது. டவுனில் காய்ச்சல்காரர்களுக்கு வாங்கிக் கொடுக்கிற பழம் என்று கேள்விப்பட்டதோடு சரி. ராஜப்பன் ஒரு கூடை வரவழைத்து, சந்தை மேட்டில் ஓலைக் கொட்டகை போட்டு உட்கார்ந்தான். வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சுத்தான்.

"பேரைக் கவனிங்க. சாத்து, குடி. சாமிக்குச் சந்தனம் சாத்தறோமே, அந்தச் சாத்து. தோலை அரைச்சு மேல சாத்து, சாறைப் புழிஞ்சு உள்ள குடி. பேரு வெச்சவங்க மருந்தையும் சேத்துத்தான் வெச்சிருக்காங்க."

கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். மருந்தை நம்புகிறவர்களைவிட அர்த்தத்தை நம்புகிறவர்கள் எங்கள் ஊரில் அதிகம். காய்ச்சலா, நெற்றியில் சாத்து. வயிற்றுவலியா, தொப்புளில் சாத்து. தானாகவே இறங்கிய காய்ச்சலெல்லாம் அவன் கணக்கில் சேர்ந்தது. இறங்காத காய்ச்சலுக்கு விதியைக் காட்டினான். யாரோ எலுமிச்சைக்கு அர்த்தம் கேட்டார்கள். எலும்பு இச்சைப்படுவதால் எலுமிச்சை என்றான். அந்த மாதமே கை முறிந்த ஒருவர் எலுமிச்சம்பழத்தை வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தார். நாரத்தை, நாற்றத்தைப் போக்குவதாம். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, தானே அதை நம்பித் தலையாட்டிக்கொள்வான். அதுதான் அவனிடம் சகிக்க முடியாதது.

மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் ஓடிய சின்ன ரயில் நின்றுபோய், தண்டவாளத்தை உலக யுத்தத்துக்கென்று சர்க்கார் பெயர்த்துக்கொண்டு போனதற்கு அடுத்த வருஷம், கெங்கப்பன் என்பவர் இடது கண் வீங்கி வந்தார். கேழ்வரகு தூற்றும்போது உமி விழுந்திருந்தது. கூட வந்தவள் அவர் மனைவி ராமக்காள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். தமிழ் சந்தைக்குப் போதுமான அளவுக்கு வரும். ராஜப்பன் வீங்கிய கண்ணைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தோலை அரைத்து இமை மேல் சாத்தி, துணியால் கட்டி, மூன்று நாள் அவிழ்க்கக் கூடாது என்று அனுப்பினான். அன்று சாயங்காலமே எரிச்சல் தாங்காமல் கெங்கப்பன் சுவரில் தலையை முட்டினார். ராமக்காள் ஓடிவந்து கேட்டாள். எரிந்தால் நோய் வெளியேறுகிறது என்று அர்த்தம் என்றான். அதற்கும் ஓர் அர்த்தம்.

நான்காம் நாள் கட்டை அவிழ்த்தபோது கருவிழி வெளுத்திருந்தது. தருமபுரி ஆஸ்பத்திரியில் பார்த்தவர், முதல் நாளே நல்ல தண்ணீரில் கழுவி உமியை எடுத்திருந்தால் போதும், இனிமேல் அந்தக் கண்ணில் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்.

ராமக்காள் அழுதுகொண்டு கொட்டகைக்குப் போகவில்லை. அடுத்த சந்தையன்று, ராஜப்பனுக்குப் பழக்கூடை கொண்டுவரும் வண்டிக்காரர் சவுரியப்பனிடம் போய் நின்றாள். அவர் குடியாத்தம் பக்கத்துக்காரர். மொரப்பூரில் பெரிய ரயிலில் வந்து இறங்கும் கூடைகளை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொடுப்பவர். இந்தப் பழத்துக்கு ஏன் இந்தப் பேர் என்று கேட்டாள்.

அவருக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. "எங்க பக்கம் சாத்கர்னு ஒரு ஊரு இருக்குதுங்கம்மா. உருதுல சாத்னா ஏழு, கர்னா கோட்டை. ஏழு கோட்டை இருந்த ஊருன்னு சொல்லுவாங்க. பழம் அங்கிருந்து வந்ததால அந்த ஊரு பேராச்சு. சொல்லிச் சொல்லிச் சாத்துக்குடின்னு ஆயிடுச்சு."

"பூசறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லீங்களா?"

"யாரும்மா பூசுனாங்க?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் அவளோடு கொட்டகைக்கு வந்தார். உள்ளே ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் ஏழு கோட்டையைத் திரும்பச் சொன்னார். ராஜப்பன் அந்த ஊருக்கே பழத்தைப் பார்த்துத்தான் பேர் வைத்திருப்பார்கள் என்று ஆரம்பித்தான்.

ராமக்காள் குறுக்கே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்களுக்குத் தமிழு அரைகொறைங்க. நீங்க உங்க பாஷைக்கு அர்த்தம் சொல்றப்ப தெரிஞ்சு சொல்றீங்கன்னு நெனச்சோம். தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்க வூட்டுக்காரரைத் தருமபுரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

அவன் முகத்தில் வெட்கம் இருந்ததா என்று பார்த்தவர்களைக் கேட்டிருக்கிறேன். ஒருவரும் இருந்ததாகச் சொல்லவில்லை. அதைவிடக் கேவலம், காத்திருந்தவர்களில் ஒருவர், ஊர்ப் பேராகவே இருந்துவிட்டுப் போகட்டும், தன் முழங்காலுக்கு மட்டும் கொஞ்சம் சாத்திவிடுங்கள் என்று கேட்டதுதான்.

சவுரியப்பன் இறக்கிய கூடைகளை மறுபடி வண்டியில் ஏற்றினார். அதோடு அந்தக் கொட்டகைக்குப் பழம் வரவில்லை. ராஜப்பன் பத்து நாள் வெறுமனே உட்கார்ந்து அர்த்தம் மட்டும் சொல்லிப் பார்த்தான். அர்த்தத்தை எங்கே பூசுவது? ஆட்கள் குறைந்தார்கள். பிறகு காரிமங்கலம் போய், மாமனார் வீட்டில் உட்கார்ந்தான். மனைவி எருமை கறந்து ஊற்றினாள், இவன் குடித்தான். நாற்பத்தேழாம் வருஷம், ஒரு சாயங்காலம், அதே வீட்டில் மாரடைப்பில் செத்தான்.

கெங்கப்பன் அடுத்த ஆடியில் உழவுக்கு இறங்கினார். இடது பக்கம் தெரியாததால் சால் கோணியது. ராமக்காள் மாட்டின் இடப்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். இரண்டு மழைக்குப் பிறகு அவருக்குப் பழகிவிட்டது. அவள் கயிற்றை விட்டுவிட்டு, பின்னால் விதை போட வந்தாள்.