ஐந்தாவது விவரம்

தென் ஆஸ்திரேலியாவில் மூண்டா என்ற ஊரில், சுற்றுலா வருகிறவர்கள் வண்டிவீட்டோடு தங்கும் கேரவன் பார்க்கில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்ளும் மெரின் பாஸ்கோவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எந்தக் கம்ப்யூட்டருக்கும் அடியில் இருந்து எல்லாவற்றையும் ஓட்டுகிற கெர்னல் என்ற மென்பொருளில், ஓய்வு நேரத்தில், சம்பளமில்லாமல், தேவையற்றதை எடுத்துப் போடுவாள்.

இந்த முறை கண்ணில் பட்டது, ஃபங்ஷன் என்கிற நிரல் துண்டு ஒன்றின் ஐந்தாவது விவரம். நிரலில் அதைக் கூப்பிடும் ஒவ்வொரு இடமும் ஐந்து விவரம் கொடுக்க வேண்டும். அதுவோ நாலைத்தான் பார்க்கும். ஐந்தாவதைப் பதினோரு வருஷமாக வாங்கிக்கொள்கிறதே தவிர, தொட்டதில்லை. எடுத்துவிடலாம். ஆனால் கூப்பிடுகிற அறுபத்து மூன்று இடங்களிலும் எடுக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கெர்னல் கம்பைல் ஆகாது, அதாவது மெஷின் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாறாது.

போன வருஷம் வேறொரு ஃபங்ஷனில் ஒன்று விட்டுப்போயிற்று. அவள் மெஷினில் எல்லாம் ஓடியது. விட்டுப்போனது ஏதோ பழைய பிராசசருக்கான கோப்பில். அவள் மெஷின் அந்தக் கோப்பின் பக்கமே போவதில்லை. கெர்னலின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் ஹென்ரிகே அவள் மாற்றத்தை நீக்கிப் பழையபடி ஆக்கினார். மெரின் பாஸ்கோ செய்தது நீக்கப்பட்டது என்ற வரி கெர்னலின் வரலாற்றில் அப்படியே நிற்கிறது, அழிக்க முடியாது. இன்னொரு தடவை அப்படி ஆனால் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று அண்ணன் டென்சிலிடம் சொல்லிவிட்டாள்.

அதனால் இந்த முறை அறுபத்து மூன்றையும் தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி, ஒவ்வொன்றாக டிக் அடித்தாள். பழைய பிராசசர்கள் அத்தனைக்கும் கம்பைல் செய்து பார்த்தாள். இரண்டு வாரம் ஆயிற்று. செவ்வாயன்று கெர்னல்காரர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினாள். அங்கே ரோபோ என்று சொல்லும் ஒரு தானியங்கி நிரல், வருகிற மாற்றத்தையெல்லாம் எல்லா வகை மெஷினுக்கும் கம்பைல் செய்து பார்க்கும். குறை இருந்தால் மட்டும் கடிதம் போடும்.

வியாழன் மதியம் கடிதம் வந்தது.

மெரின் அதைத் திறக்கவில்லை. இறைச்சி அடைத்த பேஸ்டி வாங்கிக்கொண்டு வந்த டென்சில் அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்னடி, மறுபடியும் கழட்டி விட்டுட்டாங்களா?"

"தெரியல. நீயே படி."

"பத்தாவதோட நிறுத்தினவன்கிட்ட நல்லா குடுத்த போ." விரல் வைத்து வரி வரியாகப் படித்தான். "எர்ரர்னு எங்கயும் இல்லையே. வார்னிங்னுதான் போட்டிருக்கு. ஒண்ணே ஒண்ணு."

மெரின் திரையைத் தன் பக்கம் இழுத்தாள். கெர்னல் உடையவில்லை. கூப்பிடும் இடங்களில் ஒன்று, அந்த ஐந்தாவதைக் கொடுப்பதற்கென்றே ஒரு எண்ணைத் தயார் செய்து வைத்திருந்தது. கேட்க ஆளில்லாமல் போனதும் அந்த எண்ணும் வெட்டியாக நின்றது. அவள் செய்த சாதாரணக் கம்பைல் இந்த மாதிரி சின்ன வார்னிங்கைக் காட்டாது. ரோபோ அவளைவிடக் கறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த எண்ணுக்கான இரண்டு வரிகளை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினாள்.

மறுநாள் காலை ஹென்ரிகேயிடமிருந்து ஒரே வரி: "பழைய மெஷின் உட்பட எல்லாத்துலயும் ஓடிடுச்சு, எடுத்துக்கிட்டேன்."

டென்சில் அதை இரண்டு முறை படித்தான்.

"அப்ப இந்தப் பக்கம் வருவ?"

மெரின் ஃப்ரிட்ஜிலிருந்த தாளை உரித்து, அடுத்த பட்டியலுக்காக எழுதாத பக்கம் தெரியும்படி திருப்பி ஒட்டினாள்.