அப்பா தூங்கிய பகல்கள்

எதையும் விட்டுவைக்காத வயது எனக்கு. தட்டச்சு, இந்தி, யோகா, எங்கே வகுப்பு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஞாயிறுதோறும் ஆளுமைப் பயிற்சி நடந்தது. அதிலும் சேர்ந்தேன். போன நேர்முகத் தேர்விலெல்லாம், "கொஞ்சம் சத்தமா பேசும்மா" என்றே சொல்லி அனுப்பிவிட்டார்கள். குரல் வராமல் வேலை வராது.

அன்று பயிற்றுநர், "உள்ள அடக்கி வெச்சதை எல்லாம் வயித்துலேர்ந்து கத்துங்க" என்றார். மண்டபமே கத்தியது. நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

பக்கத்துப் பெண், "இன்னாடி, பல் டாக்டராண்ட வந்தா மாதிரி தொறந்துகினு கீற?" என்றாள். எனக்குச் சிரிப்புகூடச் சத்தமில்லாமல்தான் வந்தது.

குமணன்சாவடிக்குத் திரும்பும் பஸ்ஸில், கம்பியில் தலை சாய்த்து நின்றபடி யோசித்தேன். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு தொழிற்சாலையில் எப்போதும் ராத்திரி ஷிப்ட். பகலில் அவர் தூங்க, அந்த ஒற்றை அறையில் நாங்கள் சைகையிலேயே வாழ்ந்தோம். குக்கர் விசில் அடிக்குமுன் அம்மா கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டுவிடுவாள். முட்டி பெயர்ந்தாலும் தெருமுனைக்கு ஓடிப்போய்த்தான் அழ வேண்டும். போய்ச் சேர்வதற்குள் அழுகை அடங்கிப்போயிருக்கும்.

வீட்டில் அப்பா பாயில் படுத்திருந்தார். விழித்துத்தான் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கத்தவே வரல நைனா. நீ தூங்குறியேன்னு கம்முனு இருந்து இருந்து, தொண்டையே மூடிக்கிச்சு."

"யாரு தூங்குனா?" என்றார். "மிசின் சத்தத்துல நின்னுட்டு வந்து படுத்தா, ஊடு சுடுகாடு கணக்கா கீது. எல்லாம் என்னெ உட்டுட்டு எங்கியாச்சும் போய்ட்டீங்களான்னு காத தீட்டிகினு படுத்துகினு இருப்பேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கம்மா எம்மாங் கஷ்டப்பட்டு கம்முனு வெச்சிகினு கீறா. அவளாண்ட எப்டி சொல்றது?"

மூலை அடுப்பில் குக்கர் வெயிட் ஆடத் தொடங்கியது. கரண்டியோடு நின்றிருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

விசில் அலறியது. மூவரும் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தோம்.

"அடேயப்பா! இம்மாங் கத்துமா அது?" என்றார் அப்பா.

எனக்கு அழுகை முட்டியது. சத்தம் அப்போதும் வரவில்லை. ரொம்ப அசதியாக இருந்தது. அந்தப் பாயிலேயே, அப்பாவின் காலடியில் படுத்தேன். அடுத்த விசிலுக்கும் அம்மா கரண்டியைத் தொடவில்லை.